நுரையீரலில் விழும் தழும்பும், கேட்கப்படாத ஒரு கேள்வியும்

காலை ஆறு மணிக்கு மூக்கண்டப்பள்ளியில் நின்று பார்த்தால் ஓசூர் என்றால் என்னவென்று புரிந்துவிடும். கம்பெனி பேருந்துகள் வரிசையாக நிற்கும். ஒரு ஷிஃப்ட் இறங்கும், இன்னொரு ஷிஃப்ட் ஏறும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும். இப்போது இந்தியும் ஒடியாவும் அதில் சேர்ந்துவிட்டன. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபோது கிராமமாக இருந்த இடம் இன்று ஓசூர் மாநகராட்சியின் ஒரு பகுதி. வண்டி, கடிகாரம், எந்திர பாகம், வார்ப்பு என்று இங்கே தயாராகாத பொருள் குறைவு.

இந்த ஊரில் தயாராகும் இன்னொரு பொருளைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அது தூசி.

ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்து. இருபது வருடம் கல்குவாரியிலும், பிறகு கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையிலும், கடைசியாக ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் தட்டும் வேலையிலும் இருந்தவர். ஒரு வருடமாக வறட்டு இருமல். முன்பு மூட்டையோடு ஏறிய படியை இப்போது வெறுங்கையோடு ஏறினாலும் மூச்சு வாங்குகிறது. மருத்துவமனைக்குப் போகிறார். எக்ஸ்ரே எடுக்கிறார்கள். படத்தில் மேல்பகுதியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். "டி.பி. மாதிரி இருக்கு, ஆறு மாசம் மாத்திரை சாப்பிடுங்க" என்கிறார்கள். அவரும் சாப்பிடுகிறார். மூச்சிரைப்பு அப்படியே இருக்கிறது.

இந்த ஆறு மாதத்தில் அவரிடம் எல்லாமே கேட்டார்கள். பீடி உண்டா, குடி உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று கேட்டார்கள். ஒன்றை மட்டும் கேட்கவில்லை: "என்ன வேலை செய்கிறீர்கள்? இதற்கு முன்பு என்ன வேலை செய்தீர்கள்?"

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

தழும்பு எப்படி விழுகிறது?

கையில் வெட்டுப்பட்டால் காயம் ஆறி, தழும்பு விழும். தழும்பு விழுந்த தோல் கொஞ்சம் கெட்டியாக இருக்கும், இழுத்தால் நீளாது. தோலில் அது பெரிய விஷயமில்லை. அதே தழும்பு நுரையீரலுக்குள் விழுந்தால்? நுரையீரலின் முழு வேலையே விரிவதும் சுருங்குவதும்தான். அங்கே முப்பது கோடிக்கும் மேற்பட்ட காற்றுப்பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர் மிக மெல்லியது. அந்தச் சுவரைத் தாண்டித்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போக வேண்டும். சுவர் தடித்து, நார் நாராகக் கெட்டிப்பட்டுவிட்டால் காற்று உள்ளே வந்தாலும் பயனில்லை. இதைத்தான் மருத்துவர்கள் ஃபைப்ரோசிஸ் என்கிறார்கள். நோய் முற்றியவரின் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்தால், மூச்சை உள்ளே இழுக்கும்போது, பையில் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ பட்டையை மெதுவாகப் பிரிப்பது போன்ற சத்தம் கேட்கும்.

இந்தத் தழும்புக்குப் பல காரணங்கள் உண்டு. சிலருக்கு மூட்டுவாதம் போன்ற நோய்களின் தொடர்ச்சியாக வரும். சிலருக்குப் புறாவின் எச்சம், பூஞ்சை போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் வரும். சிலருக்கு என்ன தேடியும் காரணமே கிடைக்காது. அதற்கு ஐ.பி.எஃப். என்று பெயர்.

கல் தூசியால் வருவதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். குவார்ட்ஸ் கலந்த கல்லை உடைத்தாலும், அறுத்தாலும், தேய்த்தாலும் சிலிகாத் துகள் பறக்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பிவிடலாம். ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாதது. நான்கைந்து மைக்ரான் அளவுக்கும் குறைவான துகள், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதது, நேராகக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள் அதை விழுங்கும். கிருமியாக இருந்தால் ஜீரணித்துவிடும். கல்லை எப்படி ஜீரணிப்பது? அணு செத்துப்போகும். துகள் வெளியே வரும், அடுத்த அணு வந்து விழுங்கும், அதுவும் சாகும். ஒவ்வொரு சாவும் அந்த இடத்தில் அழற்சியைக் கிளப்பி, தழும்பை வளர்க்கும். ஆகவேதான் குவாரி வேலையை விட்டு நின்ற பிறகும் நோய் நிற்காமல் வளரக்கூடும்!

இதற்கு முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

ஒரு பேராசிரியரின் இருபது வருடம்

"மருந்து இல்லையென்றால் ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு பேராசிரியரின் கதை உதவும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கணேஷ் ரகு. நுரையீரல் தழும்பு நோய்களில் உலகம் மதிக்கும் பெயர். 1991-இல் அவரும் அவரது குழுவினரும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார்கள். ஐ.பி.எஃப். நோயாளிகள் 27 பேர். ஒரு பிரிவினருக்குப் பிரட்னிசோலோன் வகை ஸ்டீராய்டு மட்டும், இன்னொரு பிரிவினருக்கு அதோடு அசதயோபிரின் என்ற மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். சேர்த்துக் கொடுத்ததில் கொஞ்சம் பலன் இருக்கலாம் என்பது போன்ற அறிகுறி தெரிந்தது. பிற்பாடு மூன்றாவதாக அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்தும் சேர்ந்தது. இந்த மூன்று மருந்துக் கூட்டு உலகம் முழுவதும் பல மருத்துவர்களின் வழக்கமான சிகிச்சையாகவே ஆகிவிட்டது.

பிறகு ஒரு பெரிய, முறையான சோதனை நடந்தது. அதன் பெயர் பாந்தர். ஒரு பிரிவுக்கு மூன்று மருந்து, ஒரு பிரிவுக்கு வெறும் போலி மாத்திரை. முடிவு எல்லோரையும் அதிர வைத்தது. மூன்று மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர் இறந்தார்கள், போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் ஒருவர்தான் இறந்தார். மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் 23 பேர், அந்தப் பக்கம் 7 பேர். சோதனையின் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2012-இல் அந்த முடிவை உலகுக்குச் சொன்ன கட்டுரையை எழுதிய குழுவில் முதல் பெயர் யாருடையது தெரியுமா? அதே கணேஷ் ரகு!

இருபது வருடத்துக்கு முன் தான் நம்பிய சிகிச்சையைத் தானே சோதனைக்கு வைத்து, அது தவறு என்று தெரிந்ததும் தன் பெயரிலேயே அதை வெளியிடுவது எளிதான காரியமா? அரசியல்வாதி செய்வாரா? பட்டிமன்றப் பேச்சாளர் செய்வாரா? அறிவியல் செய்யும். அதனால்தான் ஆராய்ச்சி வேண்டும். "இத்தனை வருடமாகக் கொடுக்கிறோமே" என்பது ஒரு சிகிச்சைக்கு ஆதாரம் ஆகாது.

2014-இல்தான் முதல் உருப்படியான நல்ல செய்தி வந்தது. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளை அமெரிக்க அரசு ஒரே மாதத்தில், அக்டோபரில், ஐ.பி.எஃப். நோய்க்கு அங்கீகரித்தது. (பிர்ஃபெனிடோன் 2010-லேயே இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டது.) 2019-இல் வெளிவந்த இன்பில்டு என்ற சோதனை, மற்ற காரணங்களால் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு நோய்களிலும் நின்டெடானிப் வேலை செய்கிறதா என்று பார்த்தது. மொத்தம் 663 பேர். மருந்து சாப்பிடாதவர்களின் நுரையீரல் கொள்ளளவு ஒரு வருடத்தில் சுமார் 188 மில்லி குறைந்தது, சாப்பிட்டவர்களுக்கு 81 மில்லி. 2025 அக்டோபரில் நெரண்டோமிலாஸ்ட் என்ற மூன்றாவது மருந்தும் ஐ.பி.எஃப். நோய்க்கு அங்கீகாரம் பெற்றது.

இந்த எண்களைக் கவனமாகப் படியுங்கள். 188 என்பது 81 ஆனது. பூஜ்யம் ஆகவில்லை. போன கொள்ளளவு திரும்பி வரவும் இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த மூளைகள் முப்பது வருடம் உழைத்துக் கண்டுபிடித்த மருந்துகள் சரிவின் வேகத்தைத்தான் குறைக்கின்றன. தழும்பை அழிக்கும் மருந்து இன்னும் யார் கையிலும் இல்லை. அதிலும் சிலிகோசிஸுக்கு என்று தனியாக நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை.

அப்படியானால் தழும்பு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான சிகிச்சை. அதைச் செய்யும் இடம் மருத்துவமனை அல்ல, பட்டறை.

1,084 பேரும், அந்த 3 சதவீதமும்

இந்தியாவில் இந்த நோய்கள் யாருக்கு, எதனால் வருகின்றன என்று 2017 வரை பெரிய அளவில் கணக்கே இல்லை. ஜெய்ப்பூர் மருத்துவர் ஷீத்து சிங் முதல் ஆசிரியராகவும், கணேஷ் ரகு மூத்த ஆசிரியராகவும் இருந்து அந்த ஆண்டு ஒரு பதிவேட்டின் முடிவுகளை வெளியிட்டார்கள். 19 நகரங்கள், 27 மருத்துவ மையங்கள், 1,084 நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் சி.டி. ஸ்கேன், வேலை, வீடு, பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசி நோயை முடிவு செய்தார்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்த மருத்துவர்கள் ஐ.பி.எஃப்.தான் முதலிடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அது 13.7 சதவீதம்தான். முதலிடம், 47.3 சதவீதம், சுவாசிக்கும் பொருளுக்கு உடல் ஒவ்வாமை காட்டுவதால் வரும் வகை. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ஏர் கூலர் பயன்படுத்தியவர்கள். சரியாகக் கழுவாத கூலரில் பூஞ்சை வளரும், மின்விசிறி அதை அறை முழுக்கத் தூவும். கேள்வி கேட்டதால்தான் இது தெரிய வந்தது. கேட்காமல் இருந்திருந்தால் இதில் பலர் "காரணம் தெரியாத நோய்" என்ற பட்டியலில் போய் விழுந்திருப்பார்கள்.

அதே பதிவேட்டில் இன்னொரு எண் இருக்கிறது. தொழிற்சாலை, சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள்: 3 சதவீதம்.

குவாரிகளும், கிரஷர்களும், கல் பட்டறைகளும், வார்ப்பாலைகளும் நிறைந்த ஒரு நாட்டில் வெறும் 3 சதவீதமா? தூசி நோய் இங்கே குறைவு என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பதிவேடு பொய் சொல்லவில்லை. அது தன் மையங்களுக்கு வந்தவர்களைத்தான் எண்ணியது. நகரத்துச் சிறப்பு மருத்துவரிடம் போய், சி.டி. ஸ்கேன் எடுக்க வசதியுள்ளவர் அந்த வாசலைத் தாண்டுகிறார். கல் உடைப்பவர் எத்தனை பேர் தாண்டுவார்கள்? டி.பி. மாத்திரையோடு ஊருக்குத் திரும்பிய மனிதர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எல்லையில் தொலையும் மனிதர்கள்

ஓசூர் போன்ற இடத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் உலகச் சந்தைக்குப் போகிறது. பர்கூர் பக்கத்து 'பாரடைசோ' வகைக் கல் வெளிநாட்டு வீடுகளில் தரையாகக் கிடக்கிறது. கிரானைட்டில் சுமார் 30 சதவீதம் குவார்ட்ஸ். இப்போது சமையலறை மேடைக்கு மவுசாக இருக்கும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் அது 90 சதவீதத்தைத் தாண்டும். அதை உலர்வாக அறுத்த இளைஞர்கள் சில வருடங்களிலேயே நோயாளிகள் ஆனதைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது.

சாதாரணமாகச் சிலிகோசிஸ் வெளியே தெரியப் பத்து, இருபது வருடம் ஆகும். இந்தப் பத்து வருடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை இடம் மாறியிருப்பார்? சூளகிரியில் கிரஷர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் குவாரி, அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் கட்டட வேலை, மறுபடி மூக்கண்டப்பள்ளியில் ஒரு பட்டறை. உடம்புக்கு முடியாமல் போனால் பெங்களூரில் ஒரு மருத்துவமனை. வேலை செய்தது ஒரு மாநிலத்தில், எக்ஸ்ரே எடுத்தது இன்னொரு மாநிலத்தில். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருந்தால், இருமல் அதிகமானதும் ரயிலேறிப் போய்விடுவார். அவர் இறக்கும்போது அது அந்தக் கிராமத்தில் ஒரு "டி.பி. சாவு". ஓசூரின் கணக்கில் அது பூஜ்யம்!

கணக்கில் இல்லாத நோய்க்கு இழப்பீடும் இல்லை, தடுப்பும் இல்லை. "எங்க பட்டறையில இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்லை" என்று முதலாளி சொல்லும்போது அவர் பொய் சொல்கிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. அவருக்கே தெரியாது. வந்தவர் கிளம்பிப் போய்விட்டார்.

இது புதிய கதையும் அல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-இல் ஆங்கிலேயக் கம்பெனி தொடங்கிய சுரங்கம். வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் இறங்கிய இடம். அங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள்தான் இருந்தது. தங்கத்தை எடுக்க அந்தப் பாறையைத் துளைத்துத் தூளாக்க வேண்டும். இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய ஆரம்ப கால ஆய்வுகள் 1940-களில் வந்தது அங்கிருந்துதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் கப்பலேறிப் போயிற்று, தூசி மட்டும் தொழிலாளியின் நெஞ்சில் தங்கிவிட்டது. இன்று அதே எல்லையோரத்தில், அதே கனிமத்தை, தங்கம் இல்லாமலே தூளாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலேட்டுக் குச்சி பிடித்து 'அ' எழுதிய தலைமுறைக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் அந்தக் குச்சியை அறுத்த தொழிலாளர்களை அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 1980-களில் ஆராய்ந்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ் இருந்தது. பிள்ளைகள் எழுதி அழித்த ஒவ்வொரு குச்சிக்கும் பின்னால் ஒரு நுரையீரல் இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சிலிகோசிஸ் "அறிவிக்கப்பட வேண்டிய நோய்" ஆக இருந்தது. நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. எழுதாவிட்டால் அந்தச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாயாக இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து எழுதியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தக் கடமை தொடர்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும் சிலிகோசிஸைத் தொழில் நோயாக ஏற்றுக்கொண்டதுதான்.

எல்லாச் சட்டங்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: "இது தொழிலால் வந்த நோய்" என்று ஒரு மருத்துவர் எழுதித் தர வேண்டும். எழுத வேண்டுமானால் அவருக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் அவர் கேட்க வேண்டும். கேட்காத ஒரு கேள்வியால் மூன்று சட்டங்கள் செயலிழந்து போகின்றன!

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. குஜராத்தின் குவார்ட்ஸ் அரவை ஆலைகளில் வேலை செய்துவிட்டு மத்தியப் பிரதேச கிராமங்களுக்குத் திரும்பி இறந்த 238 தொழிலாளர்களின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வேலை ஒரு மாநிலத்தில், சாவு இன்னொரு மாநிலத்தில் என்ற அதே எல்லைக் கதைதான். ஆனால் அங்கே யாரோ கிராமம் கிராமமாகப் போய்ப் பெயர் எழுதினார்கள். ராஜஸ்தான் 2019-இல் தூசி நோய்க்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். பணம் நுரையீரலைத் திருப்பித் தராது, உண்மைதான். ஆனால் பணம் கொடுக்க வேண்டி வந்தால்தான் அரசாங்கம் எண்ணத் தொடங்கும்.

"மாஸ்க் கொடுத்தோம், அவன்தான் போடல"

இந்தப் பேச்சைத் தொடங்கினால் உடனே வரும் பதில் இது. ஒரு வகையில் உண்மையும்கூட. ஏப்ரல் வெயிலில், இயந்திரச் சூட்டில், எட்டு மணி நேரம் இறுக்கமான முகமூடியோடு கல் அறுத்துப் பார்த்தால் ஏன் கழற்றுகிறார்கள் என்று புரியும். அதிலும் பல இடங்களில் கொடுப்பது துணி முகமூடி. காற்றுப்பை வரை போகும் துகளை அது நிறுத்தாது.

தூசியைத் தொழிலாளியின் மூக்கில் வைத்துத் தடுக்க நினைப்பது கடைசி வழி. முதல் வழி, தூசியே பறக்காமல் செய்வது. அறுக்கும் பிளேடின் மேல் தண்ணீர் ஊற்றுவது, துளை போடும்போது தண்ணீர் விடுவது, தூசி கிளம்பும் இடத்திலேயே குழாய் வைத்து உறிஞ்சுவது, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்தால் துடைப்பது... இதற்கு ராக்கெட் விஞ்ஞானிகள் தேவையில்லை. ஒரு பம்பும், ஒரு குழாயும், அதைச் சரிபார்க்க ஓர் ஆளும் போதும்.

"இப்படி எல்லாவற்றையும் கேட்டால் சின்னப் பட்டறைகள் மூடிவிடும், வேலை போய்விடும்" என்பது அடுத்த வாதம். இதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஓசூரின் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சின்னப் பட்டறைகளால்தான் வாழ்கின்றன. ஆனால் கணக்கை முழுதாகப் போட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு ஆகும் செலவு பட்டறையின் கணக்கில் தெரிகிறது. நாற்பத்தைந்து வயதில் படுத்துவிட்ட மனிதனின் செலவு? அது அவன் மனைவி அடகு வைத்த கம்மலில் இருக்கிறது, பள்ளியை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன மகனிடம் இருக்கிறது. பட்டறையின் கணக்கில் அது வராததால் அது செலவே இல்லை என்று ஆகிவிடுமா? சின்னப் பட்டறைகளால் முடியாது என்றால், அரசு மானியம் கொடுத்துக் குழாய் போட்டுத் தரட்டும். நுரையீரலை மானியமாகக் கேட்பது மட்டும் நியாயமில்லை.

கேட்பது எப்படி?

1700-இல் இத்தாலியப் பேராசிரியர் பெர்னார்டினோ ராமசினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்பதையும் மருத்துவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் புறநோயாளிச் சீட்டில் வயது, பாலினம், முகவரிக்கு இடம் இருக்கிறது. தொழிலுக்கு ஒரு கோடு இருந்தாலும் அதில் "கூலி" என்று எழுதினால் முடிந்தது. என்ன கூலி? நெல் அறுத்த கூலியா, கல் அறுத்த கூலியா? இரண்டுக்கும் நடுவே இருபது வருட ஆயுள் இருக்கலாமே!

"மக்களைத் தேடி மருத்துவம்" 2021 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அதன் தொடர்ச்சியாக 2024-இல் தொழிற்சாலைகளுக்கே போய்ச் சோதிக்கும் "தொழிலாளரைத் தேடி மருத்துவம்" வந்தது. இவற்றின் முக்கியக் கவனம் இரத்த அழுத்தமும் சர்க்கரையும். நல்ல விஷயம்தான். தூசியுள்ள பட்டறைக்குப் போகும்போது அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று சேரட்டும்: இதுவரை பார்த்த வேலைகளின் வரிசை, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, குறிப்பிட்ட இடைவெளியில் ஓர் எக்ஸ்ரே. அகமதாபாத் நிறுவனம், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே சிலிகாவின் பாதிப்பைக் கண்டறிய, இரத்தத்தில் சி.சி.16 என்ற புரதத்தை அளக்கும் சோதனையை உருவாக்கியிருக்கிறது. ஆரம்பத்திலேயே தெரிந்தால் அந்த மனிதரைத் தூசி இல்லாத வேலைக்கு மாற்றலாம். தழும்பை அழிக்க முடியாத நோயில் இதைவிடப் பெரிய சிகிச்சை வேறில்லை.

டி.பி. மருந்து கொடுப்பதும் தவறு என்று இங்கே சொல்ல வரவில்லை. உலகின் டி.பி. நோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். சிலிகா படிந்த நுரையீரலில் டி.பி. இன்னும் எளிதாகத் தொற்றும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். சளியில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மருந்து கொடுங்கள். கிருமியே கிடைக்காமல், மருந்து முடிந்தும் மூச்சிரைப்பு தீராமல் ஒரு கல் தொழிலாளி திரும்பி வந்து நின்றால், அப்போதாவது அவருடைய கைகளைப் பாருங்கள் என்பதுதான் வேண்டுகோள்.

இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை மருத்துவர் ஆவார்கள். சிலர் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்து இதே சிப்காட்டில் சூப்பர்வைசர் ஆவார்கள். சிலர் சொந்தமாகப் பட்டறை வைப்பார்கள். சிலர் புது வீட்டுச் சமையலறைக்குப் பளபளப்பான மேடை தேர்ந்தெடுப்பார்கள். நால்வருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. மருத்துவர் கேட்க வேண்டியது, "என்ன வேலை செய்தீங்க?" சூப்பர்வைசர் கேட்க வேண்டியது, "தண்ணி ஓடுதா?" முதலாளி கேட்க வேண்டியது, "போன வருஷம் இங்க வேலை பார்த்தவர் இப்ப எப்படி இருக்கார்?" வீடு கட்டுபவர் கேட்க வேண்டியது, "இதை எப்படி அறுத்தாங்க?"

சியாட்டில் பேராசிரியர் இருபது வருடம் கழித்துத் தன் பதிலையே திருத்திக்கொண்டார். ஓசூர் தன் கேள்வியையே இன்னும் தொடங்கவில்லை.

"ஏமி பனி சேஸ்தாரு?", "ஏனு கெலஸ மாடுத்தீரா?", "க்யா காம் கர்தே ஹோ?", "என்ன வேலை செய்யறீங்க?" இந்த ஊரில் நான்கு மொழியிலும் கேட்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். டீக்கடையில் தினமும் கேட்கும் கேள்விதான் இது. மருத்துவமனையிலும் கேட்கட்டும்!